ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், 9 லட்சம் போனது போனதுதானா?

ஜூன் 8, மாலை 6.15 (கேள்வி: ஹொரமாவு வாசகர்)

பெங்களூர் ஹொரமாவில் இரண்டு பெட்ரூம் வீடு. மூன்று வருட லீஸ், 9 லட்சம் கொடுத்தேன், மாத வாடகை கிடையாது. ஏப்ரல் 30-ஓடு முடிந்தது. ‘அடுத்த ஆள் வந்து பணம் கட்டினால்தான் உங்களுக்குத் தர முடியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் அரை நிமிஷத்தில் ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டிகெ ஹோகி’ (கோர்ட்டுக்குப் போங்கள்) என்றுவிட்டார்கள். சிவில் என்றால் பல்லில்லாத சட்டம், பணம் அவ்வளவுதான் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

ஜூன் 8, இரவு 10.40

முதலில் ஒன்று சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது? வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் பாதி பயம் வேண்டாம். பணம் முழுசாகக் கைக்கு வராமல் காலி செய்யாதீர்கள். ‘நீங்க காலி பண்ணுங்க, பெயின்ட் அடிச்சுட்டு ஒரு வாரத்துல தரேன்’ என்று சொல்வார்கள். அந்த ஒரு வாரம் இரண்டு வருடம் ஆனதை இந்த ஊரில் நாலு பேரிடமாவது கேட்டிருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. ஸ்ரீராமபுரத்தில் 22 வருடம் அச்சகம் வைத்திருந்தவன், ஒரு சிவில் வழக்கை ஏழு வருடம் சுமந்தவன், அவ்வளவுதான். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9, காலை 7.20

சரி. ‘சிவில் மேட்டர்’ என்பது ‘உன் பக்கம் நியாயம் இல்லை’ என்று அர்த்தமல்ல. தமிழ்நாட்டு அரசுப் புத்தகத்தில் சிவில் சட்டத்துக்கு உரிமையியல் சட்டம் என்று பெயர், கிரிமினலுக்குக் குற்றவியல். நல்ல பெயர் அது. குற்றம் நடந்தால் அரசாங்கம் ஒரு கட்சிக்காரராக நின்று வழக்கை நடத்துகிறது, நீங்கள் சாட்சி. உரிமை பாதிக்கப்பட்டால் அது உங்கள் உரிமை, நீங்களே போய்க் கேட்க வேண்டும், நீங்கள் வாதி. வண்டி ஒன்றுதான், ஆனால் நுகத்தடி உங்கள் கழுத்தில். போலீஸ்காரர் சொன்னதன் சாரம் இதுதான்.

வாசல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, வேறு சட்டம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடுக்காத எந்த சிவில் வழக்கையும் சிவில் கோர்ட் விசாரித்தாக வேண்டும் என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் மாறிப் புதுப்பெயர் வைத்துக்கொண்டன, இந்த 1908 கிழவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். திருத்தங்கள் நிறைய உண்டு, பெயரும் வருடமும் அதேதான்.

இன்னொரு வித்தியாசம் உங்களுக்குச் சாதகமானது. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் இரண்டு கதையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி பார்ப்பார், தராசு ஒரு குண்டுமணி உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். 9 லட்சம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்தான் அந்தக் குண்டுமணி. எல்லாம் ரொக்கமாகக் கொடுத்தேன் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜூன் 9, காலை 9.05

6 லட்சம் வங்கியில், 3 லட்சம் ரொக்கமாம். எழுதிக் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்டில் முழு 9 லட்சமும் பெற்றுக்கொண்டதாக இருக்கிறதாம். தப்பித்தீர்கள்.

ஜூன் 9, இரவு 11.30

பெங்களூரில் ‘லீஸ்’ என்று சொல்வது சட்டப் புத்தகத்தில் இருக்கிற லீஸ் இல்லை. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதைக் கன்னடத்தில் போக்ய என்பார்கள். நம் பக்கம் போக்கியம், ஒத்தி. தாத்தா காலத்தில் நிலத்துக்குச் செய்தது, இப்போது ஹொரமாவு அபார்ட்மென்ட்டுக்குச் செய்கிறோம். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆவது பிரிவில் அடமான வகைகளைச் சொல்லும்போது இதற்கு நெருக்கமான ஒன்று வருகிறது: கடன் கொடுத்தவர் சொத்தை அனுபவித்துக்கொண்டு, பணம் திரும்பும் வரை வைத்திருப்பது. உங்கள் காகிதம் குத்தகையா, அனுபவ அடமானமா என்பது தலைப்பில் இல்லை, உள்ளே எழுதியிருக்கும் ஷரத்துகளில் இருக்கிறது. அதை ஒரு வக்கீல்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கெட்ட செய்தி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் எல்லோரும் 11 மாதம் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். உங்களுடையது மூன்று வருடம், நோட்டரி மட்டும். பதிவு செய்யாத பத்திரத்தைக் குத்தகை ஷரத்துக்குச் சாட்சியமாகக் காட்ட முடியாது. ஆனால் பணம் கை மாறியது, நீங்கள் குடியிருப்பது போன்ற பக்கவாட்டு விஷயங்களுக்குக் காட்டலாம். பத்திரத்துக்குப் போதுமான முத்திரைக் கட்டணம் கட்டியிருக்காவிட்டால் கோர்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கர்நாடகத்தில் கட்டாமல் விட்ட தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு அபராதமும் கட்டச் சொல்வார்கள். 200 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் 9 லட்சத்தை எழுதிய எல்லோருக்கும் இந்த அதிர்ச்சி காத்திருக்கிறது.

ஜூன் 10, மதியம் 1.10

அக்ரிமென்ட்டைக் கன்னடத்தில் கராரு என்பார்கள், பாடிகெ கராரு என்றால் வாடகை ஒப்பந்தம். நாம் ‘கறார் பேர்வழி’ என்று சொல்வது இதே சொல்தான் என்று நினைக்கிறேன். எழுதினபடி நடக்கிற ஆள். உங்கள் வீட்டுக்காரரிடம் கராரு இருக்கிறது, கறார் இல்லை. (சாப்பாட்டு வேளையில் எழுதினேன், மன்னிக்கவும்.)

ஜூன் 10, இரவு 10.15

காலக்கெடுவைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது, எங்கள் வீட்டுக் கதை அது. பெரியப்பா ஒரு கூட்டாளிக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 75,000 கொடுத்தார். ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் சரியாக. கேட்கும்போது தர வேண்டும் என்று எழுதியிருந்தது. பெரியப்பா மரியாதைக்காரர், நாலு வருடம் கேட்கவே இல்லை. கேட்டபோது கூட்டாளி சிரித்துக்கொண்டே ‘காலாவதி ஆயிடுச்சே மாப்ளே’ என்றாராம். 1963 காலவரையறைச் சட்டப்படி பண வழக்குக்கு மூன்று வருடம். அதை மறுத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், எதிராளி காலக்கெடுவைச் சொல்லாமல் விட்டாலும் கோர்ட்டே அதைப் பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3-ஆவது பிரிவு சொல்கிறது. கடன் இருந்தது உண்மை, கையெழுத்து உண்மை, எல்லாம் உண்மை. தேதி மட்டும் தப்பு.

ஜூன் 11, காலை 6.50

நேற்று எழுதியதில் பிழை, அதுவும் ஆபத்தான பிழை. ‘மறுத்த நாளிலிருந்து’ என்று எழுதியிருந்தேன், அதை நம்பாதீர்கள். கைமாத்தாகக் கொடுத்த கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்தே மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடும். கேட்கும்போது தரும் புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து. பெரியப்பா தோற்றதே இதனால்தான். மறுத்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் அவர் ஜெயித்திருப்பாரே! என் கதையே என்னைப் பொய்யாக்குவதை ராத்திரி கவனிக்கவில்லை. சுட்டிக்காட்டிய வாசகர், ஓசூர் ரோடு சாருக்கு நன்றி. உங்கள் விஷயத்தில் திரும்பித் தர வேண்டிய நாள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, ஏப்ரல் 30. பத்திரம் அடமானமாகக் கருதப்பட்டால் கெடு நீளும், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். மூன்று வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 11, மாலை 5.30

‘வாட்ஸ்அப்பில் தரேன் தரேன் என்று எழுதுகிறாரே, கெடு புதுசாக ஓடாதா?’ என்ற கேள்விக்கு. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புது மூன்று வருடம். முடிந்த பிறகு எழுதினால் இந்த விதி உதவாது. ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவில் ஒரு ஜன்னல் இருக்கிறது: காலாவதியான கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுத்தால் அது புது ஒப்பந்தம். பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் கூட்டாளியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நாலு வரி எழுதி வாங்கியிருப்பார்.

வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியமாகக் காட்டலாம், அதற்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அது ‘கையெழுத்து’ ஆகுமா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு நீங்கள் ஏன் ஃபீஸ் கட்ட வேண்டும்? ஒரு காகிதத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜூன் 12, இரவு 9.45

அல்சூர் அக்கா கேட்டது வேறு விஷயம். அப்பா தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் கட்டின வீடு, உயில் இல்லை, அண்ணன் தனியாக விற்கப் பார்க்கிறார், இங்கே மேயோ ஹால் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மேயோ ஹால் இல்லை, அக்கா. அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான் பாக வழக்குப் போட வேண்டும், 1908 சட்டத்தின் 16-ஆவது பிரிவு. நீங்கள் அல்சூரில் இருந்தாலும் அண்ணன் கே.ஆர்.புரத்தில் இருந்தாலும் வீடு தங்கவயலில்தானே இருக்கிறது.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லாமல் காலமானார் என்றால் மகன், மகள், மனைவி, அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. இதற்கு நீங்கள் எல்லோரும் சொல்கிற 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று சொன்னது. தமிழ்நாடு அதை 1989-லேயும் கர்நாடகம் 1994-லேயும் ஓரளவு செய்துவிட்டன, அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டுச் செய்தன. 2020-இல் சுப்ரீம் கோர்ட்டின் வினீதா சர்மா தீர்ப்பு வந்த பிறகு, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியும் போய்விட்டது.

ஸ்டே என்று நாம் சொல்வது பெரும்பாலும் இடைக்காலத் தடையாணை, கன்னடத்தில் தடெயாக்ஞெ. நீதிபதி மூன்று கேள்வி கேட்பார். மேலோட்டமாகப் பார்த்தால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறதா? தடை கொடுத்தால் யாருக்குச் சிரமம், கொடுக்காவிட்டால் யாருக்கு அதைவிடச் சிரமம்? பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் வருமா? அண்ணன் ரொம்பக் கெட்டவர் என்பது இந்த மூன்றில் எதற்கும் பதில் இல்லை. அதைச் சொல்லி என் முன்னால் ஒரு அம்மா பத்து நிமிஷம் அழுதார், நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘பத்திர நகல் எங்கே?’ என்றார்.

ஜூன் 12, இரவு 10.20

விட்டுப்போனது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அண்ணன் விற்றாலும் வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தான், சொத்து மாற்றுச் சட்டம் 52. அதனால் தடை கிடைக்காவிட்டாலும் வழக்கு என்று ஒன்று பதிவாகி இருப்பதே பாதி வேலி. அப்புறம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்படி. ‘எனக்குச் சம்பளம் இருக்கே’ என்று கூச்சப்பட வேண்டாம்.

ஜூன் 14, காலை 8.00

மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து சுவர் ஊறிப்போனது என்று ஒருவர் இடையில் நுழைந்திருக்கிறார். அதுவும் சிவில்தான், ஒப்பந்தம் இல்லாமலே வரும் பொறுப்பு, தீங்கியல் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இதற்கு நம் நாட்டில் ஒரே சட்டப் புத்தகம் கிடையாது, தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது. மூலத் தீர்ப்பே தண்ணீர் வழக்குதான்: இங்கிலாந்தில் ஒரு மில்காரர் கட்டின நீர்த்தேக்கம் உடைந்து தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் போய்விட்டது, 1868-இல் பிரபுக்கள் சபை மில்காரர் தலையில் பொறுப்பைக் கட்டியது. உங்கள் சுவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிளம்பர் பில்லோடு அசோசியேஷன் செக்ரெட்டரியிடம் போங்கள்.

ஜூன் 14, இரவு 11.15

‘நீங்க ஜெயிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க’ என்று கேட்டீர்கள். சொல்கிறேன், நீளம்தான்.

ஒரு கல்யாண மண்டபக்காரர் இரண்டு வருடம் என்னிடம் அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், காலண்டர் எல்லாம் அடித்து 2,38,000 பாக்கி வைத்தார். 2011-இல் வழக்குப் போட்டேன். முதலில் வக்கீல் நோட்டீஸ், வாங்க மறுத்தார். மறுத்தால் கிடைத்ததாகவே கணக்கு, இது சம்மனுக்கும் பொருந்தும். வழக்குரையை ஆங்கிலத்தில் பிளெயின்ட் என்கிறார்கள், எங்கள் அம்மா அதைக் கடைசி வரை ‘பிராது’ என்றுதான் சொன்னார். சம்மன் கிடைத்து 30 நாளில் எதிராளி தன் பதிலை, அதாவது எதிர் எழுத்துரையைப் போட வேண்டும், நீட்டித்தால் 90. அவர் 140 நாள் எடுத்துக்கொண்டார். நான் குதித்தேன். வக்கீல் என்னை உட்கார வைத்து, 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் ‘அந்த 90 நாள் இரும்புச் சுவர் இல்லை, தகுந்த காரணம் இருந்தால் நீதிபதி தளர்த்தலாம்’ என்று சொல்லிவிட்டது என்றார். நம்ம சேலத்துக்காரர்களே இப்படிச் செய்துவிட்டார்களே என்று இருந்தது. (வணிக வழக்குகளுக்கு இப்போது 120 நாள், அதற்கு மேல் கதவு நிஜமாகவே மூடிவிடும்.)

பிறகு எழுவினாக்கள். இரண்டு பேரும் சொன்னதில் எதில் ஒத்துப்போகவில்லையோ அதைக் கேள்விகளாக நீதிபதி எழுதுவார், வழக்கு அந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் ஓடும். என் வழக்கில் மூன்றே கேள்வி. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அதே 1908 சட்டத்தில் இருக்கிறது, நான் டைரியில் குறித்தது 41. நடுவில் ஒரு நாள் என் வக்கீலும் வரவில்லை, எனக்கும் டைபாய்டு, வழக்கு ஆஜராகாததால் தள்ளுபடி. 30 நாளுக்குள் மனுப் போட்டுத் திரும்ப எடுக்க வைத்தோம். நான் மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தது அப்பா பழக்கிய பழக்கம், அவர் பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டார்.

2016-இல் தீர்ப்பு, எனக்குச் சாதகம். அன்று மேயோ ஹாலிலிருந்து பிரிகேட் ரோடு வரை நடந்தே போய் வீட்டுக்கு மைசூர்பா வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது.

ஜூன் 15, காலை 7.35

ஏன் வாங்கியிருக்கக் கூடாது என்று கேட்கிறீர்களே. தீர்ப்பு என்றால் பணம் இல்லை, பணம் வாங்கும் உரிமை. தீர்ப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு என்று புதிதாக இன்னொன்று போட வேண்டும். இந்தியாவில் வழக்காடுபவனுக்குத் துன்பமே டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பம் என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே எழுதிவிட்டது. அதைத் தீர்ப்பு நாளன்றே யாராவது சொல்லியிருந்தால் மைசூர்பா மிச்சம்.

எதை ஜப்தி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று 1908 சட்டத்தின் 60-ஆவது பிரிவு ஒரு பட்டியலே போடுகிறது. கட்டின துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்ற முடியாத நகை, இவற்றைத் தொட முடியாது. தாலியை ஜப்தி செய்வது போல வரும் சீன் எல்லாம் சும்மா. சம்பளத்திலும் முதல் ஆயிரமும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பித்துவிடும். நான் புத்திசாலி என்று நினைத்து மண்டபத்து நாற்காலிகளை ஜப்தி கேட்டேன். அமீனா போய்ப் பார்த்தால் நாற்காலி எல்லாம் வாடகைக்கு எடுத்தவை, வேறு கம்பெனிப் பெயர் ஸ்டிக்கரோடு. ஆறு மாதம் போனது.

கடைசியில் பலித்தது வங்கிக் கணக்கு. அவர் எனக்கு முன்பு கொடுத்த ஒரு பழைய செக்கின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது, அதில் கணக்கு எண். கோர்ட் வங்கிக்கு எழுதியது, 2018-இல் பணம் வந்தது. தீர்ப்புக்குப் பின்னால் வட்டி சாதாரணக் கடனுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் கிடையாது, வியாபாரக் கடன் என்றால் கூடுதலாக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, எனக்கு 9 போட்டார்கள். ஏழு வருடத்தில் தெரிந்துகொண்டது என்ன என்று கேட்டால், அந்த ஜெராக்ஸ்தான். ஹொரமாவு தம்பி, வீட்டுக்காரருக்கு வேறு என்ன சொத்து, எந்த வங்கி என்பதை இப்போதே, உறவு முழுசாகக் கசப்பதற்கு முன், எழுதி வையுங்கள்.

ஜூன் 15, மாலை 6.40

‘ஜெயிலில் போட முடியாதா’ என்று ஆவலோடு கேட்டவருக்கு: முடியும், சிவில் ஜெயில் என்று ஒன்று உண்டு, அதிகபட்சம் மூன்று மாதம். ஆனால் உள்ளே இருக்கும் ஆளுக்குச் சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். பணம் தராதவனுக்கு நாமே சோறு போடுவதா என்று என் தம்பி கோர்ட் வாசலிலேயே சிரித்துவிட்டான். தவிர, பணமே இல்லாதவரை ஏழை என்பதற்காக உள்ளே தள்ளக் கூடாது, வைத்துக்கொண்டே தராத கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணக் கடனுக்குப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சரியான தீர்ப்பு என்றுதான் எனக்கும் படுகிறது, மண்டபக்காரர் மேல் கோபமாக இருந்தபோது படவில்லை.

ஜூன் 16, இரவு 9.00

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். என் காலத்துக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை. 2021-இல் ராகுல் ஷா வழக்கில், அதுவும் நம்ம பெங்களூர்ச் சொத்தைப் பற்றிய வழக்கு, நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. வழக்கு நிலையை 16 இலக்கக் குறியீட்டைத் தட்டி போனிலேயே பார்க்கலாம். நான் வாய்தா தேதிக்காகக் காலையில் போய்ச் சுவரில் ஒட்டின பட்டியலைக் கூட்டத்தோடு நின்று பார்த்தவன்.

ஜூன் 16, இரவு 9.25

ஒருவர் எழுதுகிறார்: சிவில் சட்டம் என்றால் உலகத்தில் வேறு அர்த்தமும் உண்டே, பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி. உண்டு. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்ததிலிருந்து வந்து, 1804-இல் நெப்போலியன் காலத்தில் புத்தகமாக ஆன மரபு. அது நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. 1881 ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் புதுச்சேரியில் இருக்கின்றன, அவர்களுடைய கல்யாணம், வாரிசுரிமை விஷயங்களில் அந்தச் சட்டத்தின் நிழல் இன்னும் இருக்கிறது. ஹொரமாவு லீஸுக்கு இதனால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு உபரி. நம்ம ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்துக்கு அட்டார கச்சேரி என்று பெயர், பதினெட்டு அலுவலகங்கள் இருந்ததால். ஊருக்குப் புதிதாக வந்த என் மாமியார் ‘அங்க யாரு பாடுறாங்க?’ என்று கேட்டார். தாலுகா கச்சேரி என்று நம் பக்கமும் சொன்ன காலம் உண்டு, பாட்டுக் கச்சேரி மட்டும் தங்கிவிட்டது.

ஜூன் 19, காலை 10.30

ஹொரமாவு தம்பி வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறார், கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில். வீட்டின் மேல் ஒரு வங்கிக் கடன், லீஸ் எழுதுவதற்கு நாலு மாதம் முன்பே. இது எனக்குப் பிடிக்கவில்லை. தவணை நின்றுபோனால் சர்ஃபேசி என்கிற 2002-ஆம் வருடச் சட்டப்படி வங்கி, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற முடியும், அப்போது ‘பணம் வரும் வரை காலி செய்யாதே’ என்று நான் வீரமாகச் சொன்னது வங்கி முன்னால் எவ்வளவு நிற்கும் என்று தெரியவில்லை. முதல் நாள் எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்: சாவியைக் கொடுக்காதீர்கள், ஆனால் சாவியை மட்டும் நம்பாதீர்கள்.

லீஸுக்குப் போகும் மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன்னால் இந்தச் சான்றை எடுங்கள். அதிலும் ஒரு ஓட்டை, பத்திரத்தை வங்கியில் வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் இதில் தெரியாது. ‘அசல் பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். லாமினேஷன் செய்த கலர் ஜெராக்ஸைக் காட்டுவார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அச்சகக்காரன் சொல்கிறேன்.

அடமானத்தை மறைத்தது, ஒரே வீட்டை இரண்டு பேருக்கு லீஸ் விட்டது என்று ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் தெரிந்தால் அது மோசடியும் ஆகும். கிரிமினல் புகாரும் சிவில் வழக்கும் ஒன்றாக ஓடலாம், ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்றில்லை. இந்தச் சான்றோடு ஸ்டேஷனுக்கு மறுபடி போங்கள், இந்த முறை அரை நிமிஷத்தில் அனுப்ப மாட்டார்கள்.

ஜூன் 19, மதியம் 12.05

மேலே ‘மோசடி’ என்று எழுதியதற்கு ஓசூர் ரோடு சார் கோபித்துக்கொண்டார். வாக்குத் தவறியது எல்லாம் மோசடி ஆகாது, கடனை வசூலிக்கப் போலீஸை ஏவுவதைக் கோர்ட்டுகள் கண்டித்திருக்கின்றன என்கிறார். சரிதான். ஆரம்ப எண்ணம்தான் கோடு. அதை நிரூபிப்பது உங்கள் பாடு.

ஜூலை 21, இரவு 8.50

தம்பி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வீட்டுக்காரர் போனை எடுத்திருக்கிறார். நான் சமரசம் என்றால் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தவன், 2013-இல் மத்தியஸ்த மையத்தில் மண்டபக்காரர் 1,60,000-க்கு இறங்கி வந்தபோது ‘ஒரு ரூபாய் குறையாது’ என்று எழுந்து வந்தவன். ஐந்து வருடம் கழித்து வாங்கிய முழுப் பணத்தில் வக்கீல் ஃபீஸையும் அச்சகத்தைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டில் நின்ற நாள்களையும் கழித்துப் பார்த்தால் 1,60,000-க்குக் கீழேதான் வந்தது. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதனால் அவர் மூன்று தவணை கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கடனை ஒப்புக்கொண்டு, தேதி போட்டு, கையெழுத்தோடு. அதுவே புதுக் காலக்கெடுவும் ஆயிற்று. முடிந்தால் லோக் அதாலத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள், வழக்குப் போடாமலேயே அங்கே போகலாம். அங்கே எழுதியதற்கு டிக்ரியின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது.

செப்டம்பர் 30, காலை 9.10

9 லட்சமும் வந்துவிட்டதாம். கடைசித் தவணை ஏறிய மெசேஜைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்திருக்கிறார், நல்லது. பெயின்டுக்கு 35,000 தனியாகக் கேட்கிறாராம். அக்ரிமென்ட்டில் பெயின்ட் என்று ஒரு வார்த்தை இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.